முள் அடைத்த மடு

வாளை மீனின் வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். மூடியிருக்கும்போது அது தெரியாது. திறந்தால் தலையே இரண்டாகப் பிளந்ததுபோல இருக்கும். உள்ளே சிறு சிறு பற்கள் சீப்பைப்போல வரிசை கட்டி, எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். உள்ளே போனதை அந்தப் பற்கள் வெளியே விடுவதில்லை. அப்படி ஒரு வாளை ஒரு பெண்ணின் முன்கையைக் கவ்விக்கொண்டிருக்க, அவர் அதோடு கரையேறி நடந்துபோனதை நான் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன்பு, மழை இல்லாத ஒரு கோடையில்.

எனக்குச் சேலத்தில், அஸ்தம்பட்டியில் வீடு. செய்தித்தாள் வேலையிலிருந்து வெளியே வந்தபின் கோடை மாதங்களில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். நாமக்கல் பக்கம், காவிரிக் கரையில் அவர்களுக்கு வாழைத்தோட்டம். தோட்டம் முடியும் இடத்தில் மோட்டார் ரூம், அதை ஒட்டிச் சிமென்ட் தொட்டி, அப்புறம் கரைச் சரிவு, மணல், ஆறு. காலையில் கரண்ட் வந்ததும் மாமா மோட்டாரைப் போடுவார். ஆற்றுத் தண்ணீர் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து வாய்க்காலில் வாழைக்குப் பாயும். கரை நெடுக எல்லாத் தோட்டத்துக்கும் இதே ஏற்பாடுதான்.

மேட்டூர் அணை மூடியிருக்கும் மாதங்களில் அங்கே ஆறு என்பது அகலமான மணல்வெளி. நடுவில் கணுக்கால் நனைகிற ஓர் ஓடை, அங்கங்கே ஆழமான மடு. மீன்கள் மடுவில் ஒதுங்கிப் புதுத்தண்ணீருக்காகக் காத்திருக்கும். அணை திறந்து செந்நிறத் தண்ணீர் வந்ததும் சினைவாளை எதிரேறிப் போய், கரையோரத்தில் புல் மூழ்கிய இடங்களில் முட்டை விடும். அதுவரைக்கும் அது உயிரோடு இருக்க வேண்டும். முன்பு எல்லா மடுவிலும் வாளை இருந்ததாகச் சொல்வார்கள். நான் போக ஆரம்பித்த காலத்தில் அந்தப் பக்கத்தில் அது மிஞ்சியிருந்தது மாமா தோட்டத்துக்கு நேர் கீழே இருந்த மடுவில்தான்.

அந்த மடுவை ஒரு பரிசல்காரம்மா பார்த்துக்கொண்டார். யாரும் அவரிடம் ஒப்படைத்ததில்லை. மாமியார் பார்த்தார், பிறகு இவர் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் ரிக் லாரியில் வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போனவர், வருடத்தில் சில வாரங்கள்தான் ஊரில் இருப்பார். தண்ணீர் ஓடும் மாதங்களில் இந்த அம்மாள் பரிசலில் போய் வலை கட்டி மீன் எடுப்பார். பங்குனி பிறந்தால் மடுவில் வலையை நனைக்கமாட்டார். பிறத்தியாரையும் விடமாட்டார். அதற்கு அந்த மீன்பிடிக் குடும்பங்களில் ஒரு வழி இருந்தது. சீமைக்கருவேல முள்ளைக் கட்டுக் கட்டாக வெட்டி, அடியில் கல்லைச் சேர்த்துக் கட்டி மடுவுக்குள் இறக்கிவிடுவார்கள். வெளியூர்க்காரன் வந்து வீச்சுவலை போட்டால் வலை முள்ளில் மாட்டிக் கிழியும். ஒரு தடவை கிழிந்தவன் மறுபடி வரமாட்டான். மீனுக்கு முள்ளுக்குள் நிழலும் கிடைக்கும்.

அந்தக் கோடையில் அவர் வழக்கத்தைவிட அதிகமாக முள் போட்டார். மடுவில் பெரிய சினைவாளை ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது புரளும்போது பரிசலே ஆடியது என்று அக்காவிடம் சொன்னார். அந்த ஒரு மீன் புதுத்தண்ணீர் பார்த்துவிட்டால் போதும், ஆறு பழையபடி ஆகிவிடும் என்று நம்பினார். பரிசல் பரிசலாக முள்ளைக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருந்தார். மாமா கரையிலிருந்து கேலி பேசினார்.

"ஏன் அம்மிணி, மீனுக்குக் கோட்டை கட்டற. அப்படியே ஒரு கேட்டும் போட்டு வாட்ச்மேன் வெச்சிரு."

"உங்களயே வெச்சுக்கறனுங்ணா. சும்மாதான நிக்கறீங்க."

மாமாவுக்கும் அவருக்கும் வாய்ப்பேச்சில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. மடுவின் நடுவே ஒரு பாறை. அதில் ஆள் இடுப்புபோல ஒரு பள்ளம். தண்ணீர் அந்தப் பள்ளத்துக்கு இறங்கினால் கரைக்காரர்கள் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். மழை சரியாகப் பெய்த வருடங்களில் பள்ளம் தெரிந்ததே இல்லை. அதனால் ஒப்பந்தத்தை யாரும் மீறியதும் இல்லை.

சித்திரை முடிவதற்குள் பள்ளம் தெரிந்தது. பரிசல்காரம்மா மோட்டார் ரூமுக்கு வந்தார். நான் தொட்டித் திண்டில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்ணா, கல்லுக்கு இடுப்புத் தெரியுதுங்க."

"நானும் பாத்தேன் அம்மிணி. வாழைக்குத் தார் இறங்குது. இப்பத் தண்ணி விடலீன்னா காய் வெரலாட்ட நின்னுக்கும்."

"நிறுத்தறதுன்னு பேசினதுங்க."

"நான் நிறுத்துனா மேலத்தோட்டத்துக்காரன் நிறுத்துவானா? என்ர தண்ணியையும் சேத்து அவன் உறிஞ்சுவான். மொதல்ல அவன நிறுத்தச் சொல்லு."

"அவருகிட்டப் போனா உங்களக் கை காட்டறாருங்க."

"பாத்தியா மாப்ளே," என்றார் மாமா என்னிடம், "ரெண்டு பேரும் ஒரே வாத்தியாருகிட்டப் படிச்சோம்."

அவர் சிரித்தார். பரிசல்காரம்மா சிரிக்கவில்லை. மோட்டார் நிற்கவும் இல்லை.

மேலத்தோட்டத்துக்காரர் அந்த வாரமே ஒரு பொக்லைனைக் கொண்டுவந்து மணலில் இறக்கினார். மடுவின் விளிம்பிலிருந்து அவருடைய டீசல் இன்ஜின் நின்ற இடம்வரை மணலைக் கிழித்து ஒரு கால்வாய் போட்டார். மடுத் தண்ணீர் தானாகவே அவர் இன்ஜின் காலடிக்கு நடந்துபோனது. மாமாவும் ஆள் விட்டுத் தன் குழாயை மடுவுக்குள் இன்னும் ஆழமாக இறக்கினார். எதிர்க்கரையிலும் இன்ஜின்கள் வந்தன. யாராவது ஒருவர் நிறுத்தினால் அந்தத் தண்ணீர் அடுத்தவர் வயலில் பாயும். எனவே யாரும் நிறுத்தவில்லை.

வாக்குவாதம் முற்றிக் கைகலப்பானது என்று எத்தனையோ செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். முற்றுவதை அருகிலிருந்து பார்த்தது அந்தக் கால்வாய்க் கரையில்தான். பரிசல்காரம்மா முள் வெட்டும் அரிவாளோடு கால்வாய் ஓரமாக நடந்துபோனார். ஓடுகிற இன்ஜினின் ரப்பர் ஓஸை ஒரே வெட்டில் அறுத்தார். அறுந்த ஓஸ் பாம்பைப்போலத் துள்ளி, மேலத்தோட்டத்துக்காரரின் முகத்தில் தண்ணீரை அடித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்ஜின் பக்கத்தில் கிடந்த பைப் முடுக்கும் ரிஞ்சை எடுத்து அந்த அம்மாளின் தோளில் இறக்கினார். ஈரத் துணி மூட்டையைக் கல்லில் போட்டதுபோல ஒரு சத்தம். பரிசல்காரம்மா கால்வாய்க்குள் விழுந்தார். எழுந்து, இடது கைக்கு அரிவாளை மாற்றிக்கொண்டு, அடுத்த ஓஸையும் அறுத்தார். இரண்டாவது அடி விலாவில் விழுந்தது. மாமா ஓடிப்போய்த் தலைமுடியைப் பிடித்து அவரைப் பின்னால் இழுத்தார். அடிப்பவரை அவர் பிடிக்கவில்லை. அடிபடுகிறவரை இழுத்து எறிவதுதான் அவருக்கு விலக்கிவிடுதல்.

அக்கா சுடுதண்ணீர் வைத்துத் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தாள். கை தோளுக்கு மேலே எழவில்லை.

"ஆசுபத்திரிக்குப் போலாம், வா சாமி," என்றாள் அக்கா.

"போனா எழுதுவாங்க அக்கா. எழுதுனா ஸ்டேசன்ல போயி உக்காரோணும். நான் வர்றதுக்குள்ள மடு காஞ்சிரும்."

மேலத்தோட்டத்துக்காரர் புது ஓஸ் வாங்கிவந்து மாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு தண்ணீர் வேகமாக இறங்கியது. ஒருநாள் காலை மடுவின் நடுவே கருப்பாக ஏதோ சிலிர்த்துக்கொண்டு தெரிந்தது. முள்ளின் நுனிகள். பரிசல்காரம்மா கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து விழும் வலையை நினைத்து முள் போட்டவர் அவர். தண்ணீர் கீழே இறங்கினால் அந்த முள் என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படி நினைக்க வேண்டிய தேவை வந்ததில்லை. தண்ணீர் குறையக் குறைய முள்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிவிட்டன. நிழலுக்காக உள்ளே போன மீன்கள் வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொண்டிருந்தன. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பார்த்தேன். ஒரு கெண்டை செவுளில் முள் ஏறி, பக்கவாட்டில் தொங்கியபடி வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இன்னொன்றுக்குக் கண் இல்லை.

அவர் முள்ளை வெளியே இழுக்கத் தொடங்கினார். ஒரு கையால்தான் முடிந்தது. ஒரு முள்கட்டு அசைந்தால் மற்றவை இன்னும் இறுகின. ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே மீன்கள் அடித்துக்கொண்டன, தண்ணீரில் இளஞ்சிவப்பு பரவியது. அவர் கை முழங்கைவரை கீறி ரத்தம் சொட்டியது. மாமா தன் ஆட்களில் ஒருவனைத் துணைக்கு அனுப்பினார். அவன் கொஞ்ச நேரத்தில் காலில் முள் ஏறி நொண்டிக்கொண்டு திரும்பிவிட்டான்.

மடு வற்றிவிட்டது என்ற செய்தி பரவிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். தடி, கடப்பாரை, கொசுவலை, பழைய சேலை, சிமென்ட் சாக்கு. முள் இல்லாத ஓரங்களில் மீனைத் தேட வேண்டியதில்லை. தண்ணீரில் தடியால் அடித்தாலே ஏதாவது ஒன்று சாகும். கெளுத்தி ஒன்றைத் தலையில் மிதித்து, துடுப்பு முள் பாதத்தில் ஏறி, ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே அதைக் கல்லில் அடித்துக் கூழாக்கினான். தின்பதற்கு இல்லை, கோபத்துக்கு. சின்ன வாளைகளைச் செவுளில் விரல் விட்டுத் தூக்கி மணலில் வீசினார்கள். அவை மணல் அப்பிய உடம்போடு துள்ளித் துள்ளி ஆற்றின் பக்கமாகவே வந்தன. வந்தவற்றை மறுபடி அடித்தார்கள். குஞ்சுகளைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சேறு மிதிபட மிதிபட அவை அதற்குள்ளேயே போயின.

பெரியது முள்ளுக்குள் இருந்தது. அதன் முதுகு ஒருமுறை எழும்பி அமுங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். பரிசல்காரம்மா இடுப்பளவு முள்ளுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"முள்ளுக்குள்ள எவன் போறது? கரண்ட் வெச்சா மெதந்துட்டுப் போவுது," என்றார் மேலத்தோட்டத்துக்காரர். பக்கத்திலிருந்தது மாமாவின் மோட்டார் ரூம்தான். ஆட்கள் எல்லாரும் ஏறினபிறகுதான் என்று சொல்லி மாமா சம்மதித்தார். போர்டிலிருந்து ஒயர் இழுத்து மூங்கில் நுனியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் கரையேறினார்கள்.

"அம்மிணி, ஏறு மேல," என்று மாமா மோட்டார் ரூம் வாசலிலிருந்து கத்தினார்.

"வெய்யுங்க. நான் இங்கதான் இருக்கறேன்."

கூட்டத்தில் ஒருவன், "ரெண்டையும் ஒண்ணாத் தராசுல போட்டுக்கலாம்," என்றான். சிலர் சிரித்தார்கள்.

"சும்மா சுருக்குன்னு காட்டுனா தானா ஏறிக்கும்," என்று சொல்லி மேலத்தோட்டத்துக்காரர் மூங்கிலை மடுவின் கோடியில் தண்ணீரில் தொட்டார்.

பரிசல்காரம்மாவின் உடம்பு வில்லாக வளைந்தது. கழுத்து நரம்புகள் கயிறுபோலப் புடைத்தன. சத்தமே வரவில்லை. முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்தது. அவரைச் சுற்றி மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டித் திரும்பின. மேலத்தோட்டத்துக்காரர் மூங்கிலை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. மோட்டார் ரூமில் மாமா பியூஸ் கட்டையைப் பிடுங்கியதால்தான் கரண்ட் நின்றது. அந்தப் பீங்கான் கட்டையைக் கையில் பிடித்தபடியே அவர் சரிவில் இறங்கி ஓடிவந்து, அதே கையால் மேலத்தோட்டத்துக்காரரின் வாயில் குத்தினார். அவர் விழுந்ததும் நெஞ்சில் முழங்காலை வைத்து மறுபடி குத்தினார். கட்டை உடைந்தது. பல்லும் உடைந்தது. மணலில் எது பல், எது பீங்கான் என்று தெரியவில்லை.

அதற்குள் கூட்டம் மிதந்த மீன்களுக்காகத் தண்ணீரில் குதித்துவிட்டது. குதித்தவர்களில் ஒருவன் பரிசல்காரம்மாவைப் புரட்டிவிட்டான். அவர் இருமி, வாந்தியெடுத்து, தள்ளாடி எழுந்தார். முள்ளுக்குள் கையை விட்டுத் துழாவினார். மீனுக்கும் அதே நேரத்தில்தான் நினைவு திரும்பியிருக்க வேண்டும். அவர் செவுளைப் பிடிக்கப் போன கையை அது முழங்கைவரை வாங்கிக்கொண்டது.

அவர் மற்றொரு கையால் அதன் அடிவயிற்றைத் தாங்கி, அடிபட்ட தோளோடு, முள்ளுக்குள்ளிருந்து நடந்து வெளியே வந்தார். மீன் அவர் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தொங்கியது. சினையில் வயிறு உப்பி மஞ்சளாக இருந்தது. ஒருவன் தடியை ஓங்கிக்கொண்டு எதிரே வந்தான்.

"கையோட சேத்து அடி," என்றார் அவர்.

அவன் தடியை இறக்கினான். கூட்டம் வழி விட்டது. மதிப்பு என்று சொல்லமாட்டேன். ரத்தம் தங்கள் மேல் படாமல் ஒதுங்கினார்கள்.

சரிவில் ஏறி நேராகத் தொட்டிக்குப் போனார். திண்டில் மார்பைச் சாய்த்துக் கையை மீனோடு தண்ணீருக்குள் அமுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மீன் வாயைத் திறந்தது. அவர் கையை இழுத்தபோது தோல் பட்டை பட்டையாக உரிந்து தொங்கியது. அக்கா தன் சேலை முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள்.

மாமா வந்தார். சட்டையெல்லாம் அடுத்தவர் ரத்தம்.

"என்ன அம்மிணி, இதக் கொண்டாந்து என்ர தொட்டியில உட்டுட்ட?"

"தண்ணி இங்கதாங்க இருக்குது," என்றார் பரிசல்காரம்மா.

மாமா மடையைத் திறந்து வைத்திருந்த ஆளைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னார். அந்த வாரத்துக்கு வாழைக்குத் தண்ணீர் விடும் முறை அதோடு நின்றது.

பல் உடைந்த விஷயம் போலீசுக்குப் போகவில்லை. அதோடு கரண்ட் வைத்த விஷயமும் போக வேண்டியிருந்திருக்கும். பரிசல்காரம்மாவை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுவந்தோம். மாட்டுக் கொம்பு கிழித்தது என்று அக்கா டாக்டரிடம் சொன்னாள். அவர் நம்பியதுபோலத் தெரியவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் தொட்டித் தண்ணீர் வெயிலில் சூடேறிவிட்டது. வாழை இலைகளை வெட்டி மேலே பரப்பியும் பயனில்லை. வாளை மேலே வந்து வாயால் காற்றைக் கவ்விக்கொண்டிருந்தது. பரிசல்காரம்மா தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னார்.

"மோட்டாரப் போடுங்ணா."

மாமா அவரையே பார்த்தார். "மடுவுல கெடக்கறதே ஒரு குட்டைத் தண்ணி. மிச்சம் மீதி குஞ்சு அதுக்குள்ளதான அம்மிணி இருக்குது."

"தெரியுங்க."

"நான் போடமாட்டேன். நாளைக்கு நீயே சொல்லுவ, மடுவ நக்குனது நான்தான்னு."

பரிசல்காரம்மாவே மோட்டார் ரூமுக்குள் போனார். புதுப் பியூஸ் கட்டை மாட்டியிருந்தது. கட்டுப் போட்ட கையால் பச்சைப் பொத்தானை அமுக்கினார். குழாய் இருமிக்கொண்டு முதலில் சேற்றைக் கக்கியது. அப்புறம் கலங்கிய தண்ணீர். அதோடு குஞ்சுமீன்கள், சில முழுதாக, பல துண்டுகளாக. அவர் குழாய்வாயில் நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிந்தபின் வாளை அடியிலிருந்து எழும்பி, மிதந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்து மடுவில் சேறு மட்டும் இருந்தது. முள்ளில் காய்ந்த மீன்களைக் காகங்கள் பிடுங்கின. நாற்றம் அக்கா வீட்டு அடுப்படிவரை வந்தது.

அணை திறந்து தண்ணீர் வர நாளாயிற்று. தொட்டிக்கு எருமப்பட்டிப் பக்கமிருந்து டிராக்டரில் போர்வெல் தண்ணீர் வந்தது. மாமா எதற்காக அதைச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. வாழை பாதி சாய்ந்துவிட்டிருந்தது. வாளை சிமென்ட் சுவரில் முட்டி முட்டி மூக்குத் தோல் உரிந்து, ஒரு கண் வெளுத்துப்போனது.

நுரையும் குப்பையும் ஆகாயத்தாமரையுமாக ஆறு வந்த அன்று பரிசல்காரம்மா ஈரச் சாக்கோடு வந்தார். மாமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். தண்ணீர் ஓரத்தில் இறக்கியதும் அவர் மீனைத் திருப்பி, அடிவயிற்றை உள்ளங்கையால் தடவினார். இரண்டு முறை தடவினார்.

"முட்டை இல்லீங்க," என்றார். "உள்ளயே கரைஞ்சு போச்சு."

கரைமேல் மீன் வியாபாரி ஒருவர் வண்டியில் ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். பரிசல்காரம்மா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சாக்கை உருவினார். மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. காலால் அதை ஆழத்துக்குத் தள்ளினார். வால் ஒருமுறை அடித்தது, செந்தண்ணீர் மூடிக்கொண்டது.

கரை நெடுக இன்ஜின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. மாமா மோட்டார் ரூமுக்கு ஏறிப்போய், பொத்தான் பக்கம் கையை நீட்டியபடி வாசலில் நின்றார்.

"அம்மிணி, போடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்ணா," என்றார் அவர், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது உங்க குழாயத் தாண்டிப் போவட்டும்."

மாமா கையை இறக்கிக்கொண்டு காத்திருந்தார்.